வெள்ளையடித்த இருபத்துமூன்று கற்கள்

1

நேற்றோடு ஒரு வருடம் முடிந்தது. வீட்டில் யாருக்கும் ஞாபகம் இருக்காது என்ற நம்பிக்கையில் சாப்பிட உட்கார்ந்தேன். மனைவி வதனி கோப்பையில் கஞ்சியை ஊற்றி என் முன்னால் வைத்துவிட்டு, "குடிக்கப் போறீங்களா, இல்லாட்டிக் கல்லுக்குப் பூசப் போறீங்களா?" என்று கேட்டாள். மகள் ஆரணிக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. எனக்கு மட்டும் சிரிப்பு வரக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

ஊரில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை அரையும் குறையுமாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. சுவிற்சர்லாந்தில் என்னைச் சிறையில் போட்டுவிட்டார்கள் என்று வாகரையில் ஒரு பேச்சு. எனக்கு விருது கிடைத்துவிட்டது என்று கரடியனாற்றில் ஒரு பேச்சு. இரண்டாவது பேச்சு என் மாமியார் கிளப்பியது. இரண்டும் உண்மையில்லை என்பதால், நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது.

நான் இங்கே ஓர் ஏரிக்கரையில் இருக்கும் பழைய கோட்டையில் வேலை செய்கிறேன். நுழைவுச்சீட்டைக் கிழிப்பது, குடைகளை வாங்கி வைப்பது, "தயவுசெய்து தொடாதீர்கள்" என்று சொல்வது, இவைதான் வேலை. ஆனால் மாமியார் கரடியனாறு முழுக்க, "எங்கட மருமகன் கோட்டையில இருக்காரு" என்று சொல்லி வைத்திருக்கிறார். நான் கோட்டை வாசலில் நின்று எடுத்த படம் ஒன்று அங்கே கைமாறிக் கைமாறிப் போய், கடைசியில் ஒரு அக்கா தொலைபேசியில் வதனியிடம், "இவ்வளவு பெரிய வீட்ட ஒரு ஆளா எப்பிடிப் புள்ள கூட்டுறாய்?" என்று கவலைப்பட்டார்.

நாங்கள் இருந்தது ஒரு கூடமும் ஒரு படுக்கையறையும் கொண்ட வீட்டில். பதினைந்து வயது ஆரணி கூடத்தில், குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில், இழுத்து விரிக்கிற சோபாவில் படுத்தாள். அவள் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கைபேசி அல்ல, சப்பாத்து அல்ல. சாத்தக்கூடிய கதவு உள்ள ஓர் அறை.

மூன்று அறை வீடு தேடிப் போன இடமெல்லாம், "வேலை நிரந்தரமா?" என்று கேட்டார்கள். என் வேலை தற்காலிகம். ஒவ்வொரு வசந்தத்திலும் கடிதம் வரும், இன்னும் ஒரு வருடம் நீடிக்கிறோம் என்று. அந்தக் கடிதம் வரும்வரை ஒரு நாளைக்கு மூன்று தடவை தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பேன். கோட்டையில் நாற்பத்தொரு கதவுகள். காலையில் அத்தனையையும் திறந்து மாலையில் அத்தனையையும் பூட்டுகிற நான், பெற்ற பிள்ளைக்கு ஒரு கதவு கொடுக்க வக்கில்லாமல் இருந்தேன்.

2

கோட்டைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, கழிப்பறை எங்கே என்பது. இரண்டாவது, உங்கள் நாட்டிலும் இப்படிக் கோட்டைகள் உண்டா என்பது. உண்டு, என் பிறப்புச் சான்றிதழே அதற்குள் எடுத்ததுதான் என்பேன். பகிடி என்று நினைத்துச் சிரிப்பார்கள். மட்டக்களப்பான் எவனும் இதற்குச் சிரிக்கமாட்டான்.

புளியந்தீவில் வாவியோரம் நிற்கிற எங்கள் கோட்டை, போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் பிடித்து, ஆங்கிலேயர் மேசை நாற்காலி போட்டது. எங்கள் காலத்தில் யாரும் அங்கே கோட்டை பார்க்கப் போனதில்லை. உள்ளே கச்சேரி இருந்தது. எங்களூரில் கச்சேரி என்றால் அரசாங்க அதிபரின் அலுவலகம் என்று, பிற ஊர் வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். சுவரின் தடிப்பை யாரும் வியந்ததில்லை. அதன் நிழல் எத்தனை மணிவரை இருக்கும் என்பதுதான் எல்லோருக்கும் தெரியும். வாவியைப் பார்த்து நிற்கும் பீரங்கியை ஒல்லாந்தர் யாரைச் சுடுவதற்கு வைத்தார்களோ, நாங்கள் அதில் உட்கார்ந்து படிவம் நிரப்பினோம்.

மூன்று வருடத்துக்கு முன்பு குடும்பமாக ஊருக்குப் போனபோது, பாசிக்குடாவில் இரண்டு நாள் கடலில் ஊறிய பிறகு, ஆரணியைக் கோட்டைக்குக் கூட்டிப்போனேன். வேன் ஓட்டி வந்தவன் என் பால்ய நண்பன் குகன். கோட்டைக் காவலன் அல்லவா, விளக்கம் சொல்லும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

"இது எந்த ராசாட கோட்டை, அப்பா?"

"ராசா இல்ல மகள். அரசாங்க அதிபர் இருந்த இடம்."

"அவர் ஆரோட சண்டை பிடிச்சவர்?"

"சண்டை பிடிக்கல்ல. கையெழுத்துப் போட்டவர்."

"கையெழுத்துப் போடுறதுக்கு இவ்வளவு மொத்தச் சுவரா?"

பேச்சை மாற்றினேன். அடையாள அட்டைக்காக எங்கே வரிசையில் நின்றேன், விவாகப் பத்திரத்தின் பிரதிக்காக அவள் அம்மா எந்தப் பீரங்கியில் உட்கார்ந்து பேனை மூடியைக் கடித்தாள் என்பதையெல்லாம் காட்டினேன். ஆரணி விளக்கப் பலகை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாள். அதற்குள் குகன் பழைய பழக்கத்தில் பீரங்கியில் போய் உட்கார்ந்துவிட்டான்.

"மாமா, தொடாதீங்க! அது பழசு!" என்று ஆரணி பதறினாள்.

"நானும் பழசுதான் புள்ள" என்று குகன் எழும்பாமலே சொன்னான்.

3

இந்தக் குகனும் நானும் எங்கள் பத்தொன்பதாவது வயதில் அதே கோட்டைக்குள் நாட்கூலிக்கு வேலை செய்தவர்கள். எந்த அலுவலகத்துக்கு என்று கேட்கவேண்டாம். சுண்ணாம்பு எல்லா அலுவலகத்துக்கும் பொதுவானது. கொழும்பிலிருந்து பெரியவர் யாராவது வருகிறார் என்று செய்தி வந்தால், எங்களிடம் ஆளுக்கொரு வாளியும், பூசுவதற்குத் தென்னந்தும்புக் கட்டும் தரப்படும். பாதையோரக் கற்கள், பூச்சாடிகள், தென்னைமரங்களின் இடுப்புவரை, எல்லாவற்றுக்கும் வெள்ளை அடிப்போம்.

எங்களுக்கு மேற்பார்வை ஓவசியர் ஐயா. வயிறு முன்னால் வர, அவர் பின்னால் வருவார். அவரிடம் ஒரு தத்துவம் இருந்தது.

"கொழும்பால வாறவர் கூரையையா பாக்கப் போறார்? காரால இறங்கக்குள்ள நிலத்தத்தான் பாப்பார். ஓரம் வெள்ளையா இருந்தா, உள்ளுக்கு என்ன கிடந்தாலும் வெள்ளதான் மனே."

ஒருமுறை அவசரத்தில் நாங்கள் அடித்த கற்களில் ஒன்று ஆமை. வாவிப் பக்கமிருந்து ஏறி வந்து, கற்களோடு கல்லாகத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்திருக்கிறது. வந்த பெரியவருக்கு மாலை போட்டு, எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்த நேரத்தில், வெள்ளையடித்த கல் ஒன்று எழுந்து பாதைக்குக் குறுக்கே நடக்கத் தொடங்கியது. கைதட்டல் நின்றுவிட்டது. பெரியவர் ஓவசியர் ஐயாவைப் பார்த்தார். ஐயா கொஞ்சமும் தடுமாறவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, "அது தற்காலிகக் கல்லு, ஐயா" என்றார்.

4

நான் இப்போது வேலை செய்யும் கோட்டையில் தூசிக்கும் மரியாதை உண்டு. தூசியைத் துடைப்பதற்கு முன்பு அது எந்தக் காலத்துத் தூசி என்று பார்க்க ஒருவர் வருவார். சுவரில் படர்ந்த பாசிக்குத் தனிக் கோப்பு இருக்கிறது. சிலந்திவலையில் கூட நாங்களாகக் கை வைக்கக்கூடாது. சொன்னால் நம்பமாட்டீர்கள், முதல் வருடம் நான் ஒரு சிலந்தியிடம் "மன்னிக்கவும்" என்று டொச் மொழியில், அதாவது ஜெர்மனில், சொல்லியிருக்கிறேன்.

அந்த மொழி எனக்கு இன்னும் முழுதாக வசப்படவில்லை. அதிலும் எங்கள் மொழிபோலவே 'நீ'யும் 'நீங்க'ளும் உண்டு. நான் அதைப் பெரும்பாலும் ஆரணி தன் பொம்மைகளோடு பேசியதைக் கேட்டுக் கற்றவன். அதனால் அவசரம் வந்தால் யாராக இருந்தாலும் 'நீ'தான். கோட்டைக்கு வரும் நாய்களை மட்டும் பயத்தில் 'நீங்கள்' என்பேன்.

கோட்டையின் பொறுப்பாளர் திருமதி கெல்லர். மெலிந்த, நல்ல மனுஷி. எப்போதும் கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருப்பார். தவராசா என்ற என் பெயரை முதல் நாளே 'ராசா' என்று சுருக்கிவிட்டார்.

ஒருநாள் ஆரணியின் பள்ளிக்கூடத்திலிருந்து சுற்றுலா வந்தார்கள். வாசலில் நான் நின்றேன். அவள் வரிசையில் வந்து, சீட்டை நீட்டி, "நன்றி, ஐயா" என்று டொச்சில் சொல்லிவிட்டு முகத்தைப் பாராமல் உள்ளே போனாள். வீட்டில் கேட்டபோது, "எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டவங்க, அப்பா" என்றாள். எனக்கு வலித்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

போன வருடம் இலையுதிர் காலத்தில் ஒரு கிழமை, ஏழு நாளும், நான் காய்ச்சலில் படுத்துவிட்டேன். திரும்பவும் வேலைக்குப் போன ஞாயிற்றுக்கிழமை மாலை, திருமதி கெல்லர் என்னை அழைத்துச் சொன்னார்: செவ்வாய்க்கிழமை மாநிலத்தின் புராதனச் சின்னங்கள் குழு வருகிறது; கோட்டையின் அடுத்த சில வருடத் திட்டம் அவர்கள் கையில் இருக்கிறது; தற்காலிகப் பணியாளர்களில் யாரை நிரந்தரமாக்குவது என்பதும் அதோடு முடிவாகும். சொல்லிவிட்டு, போகிற போக்கில் ஒரு வசனம் சேர்த்தார்.

"எல்லாம் அழகாக இருக்கவேண்டும், ராசா."

நடந்தது எல்லாவற்றுக்கும் மூலகாரணம் அந்த வசனம்தான். அவர் நினைத்தது குப்பைவாளியை. நான் நினைத்தது ஓவசியர் ஐயாவை.

வீட்டுக்குப் புறப்படும்போதுதான் கவனித்துப் பார்த்தேன், வாசலிலிருந்து நடுமுற்றம் வரைக்கும் பாதையின் இடது பக்கத்தில் புதிதாகக் கற்கள் அடுக்கியிருந்தார்கள். நான் காய்ச்சலில் கிடந்த கிழமையில் வைத்திருக்கிறார்கள். எண்ணினேன், இருபத்துமூன்று. ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவு, சமமான இடைவெளி. சில கற்களில் பென்சிலால் எண்கள் கிறுக்கியிருந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வேலை என்று நினைத்தேன். பாவம் திருமதி கெல்லர், பெரியவர்கள் வரும்போது ஓரத்துக்குக் கல் வைக்கவேண்டும் என்றளவுக்கு விஷயம் தெரிந்த பெண், வெள்ளை அடிக்க மறந்துவிட்டாரே என்று மனம் இளகிப்போனேன்.

திங்கட்கிழமை கோட்டைக்கு விடுமுறை. சாவி என்னிடம்.

5

காலையில் எழுந்ததும் குகனுக்கு எடுத்தேன். அவனுக்கு அங்கே மத்தியானம்.

"மச்சான், சுண்ணாம்பு கரைக்கிற கணக்கு ஞாபகம் இரிக்கா?"

"என்னத்துக்கு? ஆரு வாறது?"

"பெரிய ஆக்கள். செவ்வாய்க்கிழமை."

"அப்ப அடிச்சித்தான் ஆகணும்" என்றான் குகன். உலகத்தில் என்னைக் கேள்வி கேட்காமல் புரிந்துகொள்ளக்கூடிய மனிதன் அவன் ஒருவன்தான். "சும்மா சுண்ணாம்ப மட்டும் அடிச்சா கையில ஒட்டும். வச்சிரப் பசை போடு."

"இஞ்ச வச்சிரத்துக்கு எங்க போற?"

"அப்ப கஞ்சிய ஊத்து. பசை இல்லாத நேரம் ஓவசியர் ஐயா அதத்தானே ஊத்தச் சொன்னவர். நீலம் ஒரு சொட்டு விடு, இல்லாட்டி மஞ்சளாத் தெரியும். மச்சான், இன்னொண்டு."

"என்ன?"

"அடிக்க முந்தி எல்லாக் கல்லையும் தட்டிப் பாரு."

தோட்டச் சாமான்கள் விற்கும் கடையில் சுண்ணாம்பு கிடைத்தது. பையின் மேல் ஒரு படம்: இடுப்புவரை வெள்ளை அடித்த பழமரம். குளிர்காலத்தில் பட்டை வெடிக்காமல் இருக்க இங்கேயும் அடிப்பார்களாம். பதினேழு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன், இவர்களும் நம்மைப்போல மனிதர்கள்தான் என்று முழுமனதாக நம்பியது அன்றுதான்.

வதனி சிவப்பரிசிக் கஞ்சி காய்ச்சித் தந்தாள். பள்ளிக்கூட விடுமுறை என்பதால் ஆரணியைப் பானையோடு என்னுடன் அனுப்பினாள். பேருந்தில் அவள் எனக்கு மூன்று ஆசனம் தள்ளி, கஞ்சிப் பானையை மடியில் வைத்துக்கொண்டு, தெரியாதவள் போல வந்தாள்.

கோட்டைக்குள் நான் வாளியைக் கலக்கியபோது ஆரணி கேட்டாள்: "அப்பா, இதுக்கு அனுமதி எடுத்தீங்களா?"

"மரியாதை செய்யிறதுக்கு ஆராவது அனுமதி எடுப்பாங்களா மகள்?"

அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் பேருந்துக்குப் போய்விட்டாள். நான் கற்களை ஒவ்வொன்றாகக் காலால் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பின்னேரத்துக்குள் இருபத்துமூன்று கற்களும் முடிந்து, மிச்சச் சுண்ணாம்பை வீணாக்க மனமில்லாமல் நடுமுற்றத்து மரத்துக்கும் இடுப்புவரை அடித்தேன். கொஞ்சம் நீலம் கூடிவிட்டது. ஆனாலும் வாசலில் நின்று பார்த்தபோது, ஓவசியர் ஐயா பக்கத்தில் நின்று வயிற்றைத் தடவுவதுபோல இருந்தது. இந்த முறை நிரந்தரம்தான் என்று அப்போதே முடிவுகட்டிவிட்டேன்.

6

செவ்வாய்க்கிழமை காலை குழுவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். திருமதி கெல்லர் அவர்களை வாசலுக்கே போய் அழைத்து வந்தார். நான் இஸ்திரி போட்ட சட்டையோடு, முதல் கல்லுக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஓவசியர் ஐயா சொன்னது சத்தியம்: மூன்று பேரும் நிலத்தைத்தான் பார்த்தார்கள்.

திருமதி கெல்லரின் கொண்டையிலிருந்து பென்சில் விழுந்தது. அது கல்லில் பட்டு உருண்ட சத்தம் கேட்குமளவு அமைதி. எங்களூர் என்றால் இந்நேரம் நாலு பேர் கத்தி, இரண்டு பேர் விலக்குப் பிடித்து, ஒருவர் ஓடிப்போய்ச் சோடா வாங்கி வந்திருப்பார். இங்கே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அமைதியில்தான் நான் கட்டியிருந்த கையை அவிழ்த்தேன்.

பிறகுதான் விளங்கியது. கோட்டைக்குள் ஒரு காலத்தில் சிறு தேவாலயம் இருந்து இடிந்துபோனதாம். அதன் தேய்ந்துபோன செதுக்குக் கற்கள் நிலவறையில் கிடந்தனவாம். இரண்டு வருடமாக ஒவ்வொன்றையும் அளந்து, வரைந்து, எண் இட்டு, குழு பார்ப்பதற்காகப் பாதையோரம் வரிசையாக வைத்திருந்தார்களாம். குழு வந்ததே அந்த இருபத்துமூன்று கற்களைப் பார்க்கத்தான்.

"ஏன்?" என்றார் திருமதி கெல்லர். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

அவசரத்தில் எனக்கு வந்த பதில், "உனக்காகத்தான்."

குழுவினர் மூவரும் ஒரே நேரத்தில் திருமதி கெல்லரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் சிவந்ததை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

மூவரில் மூத்தவர், மோசர் என்ற வெள்ளைத் தாடிக்காரர், முழங்காலிட்டுப் பூதக்கண்ணாடியால் கல்லைப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். பிறகு விரலை நாக்கில் வைத்தார். ஒரு மனிதர் சுண்ணாம்பைச் சுவை பார்ப்பதை நான் வெற்றிலை இல்லாமல் அன்றுதான் கண்டேன்.

"இதில் சுண்ணாம்பு மட்டும் இல்லையே?" என்றார்.

"அரிசி" என்றேன். "கஞ்சி."

"என்ன அரிசி?"

"சிவப்பு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். மரத்தைப் பார்த்து, "இது சரியாகச் செய்திருக்கிறது" என்றார். ஆறுதல் என்று கிடைத்தது அந்த மரம் மட்டும்தான்.

7

இந்த நாட்டில் யாரும் திட்டமாட்டார்கள், படிவம் தருவார்கள். சம்பவ அறிக்கை, நான்கு பக்கம். பீரங்கி ஏதும் இல்லாததால் படிக்கட்டில் உட்கார்ந்து நிரப்பினேன். 'சேதத்துக்குக் காரணம்' என்ற இடத்தில் கட்டங்கள் இருந்தன: மழை, பனி, பறவை, பார்வையாளர், வேறு. 'வேறு' என்பதில் புள்ளடி போட்டேன். பக்கத்தில் விவரம் எழுதக் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். நெடுநேரம் யோசித்துவிட்டு, 'மரியாதை' என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவது? அதுதான் உண்மை.

வீட்டுக்கு வந்து வதனியிடம் அடங்கின குரலில் சொன்னேன். கூடத்தில் வசிக்கிறவளுக்கு வீட்டில் இரகசியம் என்று ஒன்று கிடையாது. சோபாவிலிருந்து ஆரணி கேட்டாள்:

"அப்பா, வேலை போயிற்றா?"

"இன்னும் இல்ல."

"அப்ப அறை?"

நான் இஸ்திரி போட்ட சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அவள் பாட்டுக் கேட்கும் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். சாத்துவதற்குக் கதவு இல்லாத பிள்ளை வேறு என்ன செய்யும்? ஓவசியர் ஐயாவையும் அவர் ஓரத்தையும் அன்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். குகனையும் விடவில்லை. தொலைபேசியில் அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு கல்லுமா நடக்கல்ல?" என்று கேட்டான்.

8

வியாழக்கிழமை முடிவு வந்தது. அதை முடிவாக்கியது கஞ்சி. கடைப் பெயின்ற் அடித்திருந்தால் கற்களின் கதை முடிந்திருக்கும் என்றார் மோசர். சுண்ணாம்பு இன்னும் இறுகவில்லை, கஞ்சி தண்ணீரில் இளகும், உடனே தொடங்கினால் கழுவி எடுக்கலாம். வடித்த சுத்தத் தண்ணீர், மென்மையான பல்தூரிகை, ஒரு கல்லுக்கு ஒரு நாள். மோசர் பக்கத்தில் இருந்து மேற்பார்வை செய்வார். கழுவவேண்டிய ஆள் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. என் வேலையின் கதி, கற்களின் கதி தெரிந்த பிறகு.

நடுமுற்றத்தில் ஒரு சிறு முக்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். தண்ணீர் யார் காலிலும் பட்டுவிடக்கூடாது என்று திருமதி கெல்லர் என்னைச் சுற்றி நாலு கம்பம் நட்டுச் சிவப்புக் கயிறு கட்டினார். கற்களுக்காக 'தயவுசெய்து தொடாதீர்கள்' என்ற பலகையை எனக்கு முன்னால் வைத்தார். ஒல்லாந்தர் காலம் தொடக்கம் இன்றுவரை, கயிறு கட்டிக் காட்சிக்கு வைக்கப்பட்ட முதல் மட்டக்களப்பான் நானாகத்தான் இருப்பேன்.

கயிறு கட்டியிருந்தால் சனம் கூடும். இது எந்த நாட்டுக்கும் பொது. முதல் நாள் ஐந்து பேர், மூன்றாம் நாள் முப்பது பேர். வழக்கமாகக் கோட்டையைக் கால்மணி நேரத்தில் சுற்றிவிட்டுக் கோப்பிக் கடைக்கு ஓடுகிறவர்கள், நான் ஒரு கல்லில் செதுக்கிய முகத்தின் மூக்கைப் பல்விளக்குவதை ஒரு மணி நேரம் நின்று பார்த்தார்கள். கேள்வி கேட்டார்கள். கையில் வேலை இருந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. ஓட்டை டொச்சில், வாவியோரக் கோட்டையையும், பீரங்கியில் உட்கார்ந்து படிவம் நிரப்பியதையும், ஓவசியர் ஐயாவையும், நடந்துபோன கல்லையும் சொன்னேன். மோசர் தாடி நடுங்கச் சிரித்தார். மறுநாள் சிலர் ஆமைக் கதை எத்தனை மணிக்கு என்று வாசலில் விசாரித்துக்கொண்டு வந்தார்கள்.

ஒரு மூதாட்டி திருமதி கெல்லரிடம், "இவரும் கண்காட்சியில் ஒரு பகுதியா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

"ஆம்" என்றார் அவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தற்காலிகமாக" என்றார்.

இரண்டாவது சனிக்கிழமை, ஒன்பதாவது கல்லில் இருந்தேன். தலையைத் தூக்கியபோது கயிற்றுக்கு அப்பால் ஆரணி, இரண்டு சிநேகிதிகளோடு. சட்டென்று குனிந்துகொண்டேன். தெரியாதவர்போல இருப்பது எப்படி என்று அவளிடமே படித்தவன் நான். பிள்ளைக்கு எதற்குச் சங்கடம் என்று கல்லை இன்னும் வேகமாகத் தேய்த்தேன். மோசர், மெதுவாக, மெதுவாக என்றார்.

ஒரு சிநேகிதி, "யார் இந்த ஆள்?" என்று கேட்டாள்.

ஆரணி கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே வந்தாள். கோட்டை விதிப்படி அது பெரிய குற்றம். என் பக்கத்தில் ஈர நிலத்திலேயே உட்கார்ந்து, வாளியில் கிடந்த இன்னொரு பல்தூரிகையை எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்க டொச்சில் சொன்னாள்: "இது என் அப்பா."

பிறகு எனக்கு மட்டும் கேட்கத் தமிழில், "ஆமைக் கதைய நீங்க பிழையாச் சொல்றீங்க அப்பா. அவங்களுக்கு விளங்கல்ல. நான் சொல்றன்" என்றாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உப்புப் பட்டால் கல்லுக்குக் கேடு என்று மோசர் முதல் நாளே எச்சரித்திருந்தார். அதனால் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன். அவள் சொன்ன ஆமைக் கதை என்னுடையதைவிட நன்றாகத்தான் இருந்தது. 'தற்காலிகக் கல்' வந்த இடத்தில் முற்றமே அதிர்ந்தது.

9

இருபத்திரண்டு கற்கள் பழையபடி ஆயின. செதுக்கு முழுதாகத் தேய்ந்துபோன இருபத்துமூன்றாவது கல்லைக் கழுவவேண்டாம் என்று குழு எழுதிவிட்டது. அதுவும் இப்போது வரலாறாம். என்ன நடந்தது என்பதற்கு ஒரு மாதிரி இருக்கவேண்டுமாம். நீலம் கொஞ்சம் கூடின வெள்ளையில் அது இன்றும் வாசல் ஓரம் இருக்கிறது. முன்னால் ஒரு பலகை: 'சுண்ணாம்பு, சிவப்பரிசிக் கஞ்சி. மட்டக்களப்பு முறை.' டொச்சிலும் தமிழிலும். தமிழ் ஆரணியின் கையெழுத்து. பெரியவர்கள் யார் வந்தாலும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள்.

வசந்தத்தில் கடிதம் வந்தது. தபால்பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று திறந்தேன். நிரந்தரம். சீட்டுக் கிழிக்கிற வேலை அல்ல, பார்வையாளருக்கு விளக்கம் சொல்கிற வேலை. கீழே ஒரு விசேட நிபந்தனை: திங்கட்கிழமைகளில் சாவி என்னிடம் இருக்கக்கூடாது. குகனிடம் சொன்னேன். "அப்ப இனி நீ நடக்கிற கல்லு இல்ல மச்சான்" என்றான். மாமியார் கரடியனாற்றில், மருமகனுக்குக் கோட்டையை எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார். திருத்துவதை நான் விட்டுவிட்டேன்.

ஆடி மாதம் மூன்று அறை வீட்டுக்கு மாறினோம். ஆரணி தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வதனியும் நானும் வெளியில் நின்று அந்தச் சாத்தின கதவை, ஏதோ கோயில் கதவைப் போலப் பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் திறந்தது. கை மட்டும் வெளியே வந்து கதவில் ஒரு அட்டையை ஒட்டிவிட்டு உள்ளே போய்விட்டது. எங்கள் கோட்டைப் பலகை போலவே வடிவாகக் கோடு போட்டு, தமிழில் எழுதியிருந்தாள்:

'எண் 24. கதவு, மரம். நிலை: நிரந்தரம். பார்வையாளர்கள் தட்டிவிட்டு வரவும். வெள்ளை அடிக்கக் கூடாது.'

தட்டினேன்.

"ஆரு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. வீட்டில் இருப்பது மூன்று பேர். ஒருத்தி என் பக்கத்தில் நின்று வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மரியாதைக்கு வந்தனான்" என்றேன்.

கதவு திறந்தது.